சின்ன ர, பெரிய ற

ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போன நானூறு தண்ணீர் பாட்டில்கள் திரும்பி வந்தால் அது வருத்தம். நானூறும் ஒழுகுகின்றன, பிள்ளைகளின் புத்தகமெல்லாம் நனைந்துவிட்டது என்று ஒரு கடிதத்தோடு வந்தால் அது இடி. அந்த இடி வேறு எங்கும் சுற்றாமல் நேராகத் தொட்டியக்காவின் தலையில் வந்து விழுந்தது.

தொட்டியக்கா என்பது தொழிற்சாலை அவளுக்கு வைத்த பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவில் மட்டும் உயிரோடு இருக்கிறது, கூப்பிடத்தான் ஆளில்லை. அச்சிலிருந்து வந்த காலி பாட்டிலை இறுக்கமாக மூடி, தொட்டித் தண்ணீருக்குள் தலைகீழாக அமிழ்த்திப் பத்து வரை எண்ணுவாள். குமிழி கிளம்பினால் அந்தப் பாட்டில் ஓரங்கட்டப்படும். கிளம்பாவிட்டால் நோட்டில் மூடி சரி, வாஷர் சரி, மரை சரி, ஒழுகவில்லை என்று எழுதிவிட்டுப் பேக்கிங்குக்குத் தள்ளுவாள். மரை என்பது பாட்டிலின் கழுத்தில் திருகு திருகாக ஓடும் வரி. அதில்தான் மூடி ஏறி உட்காரும். ஒன்பது வருஷமாக இதே வேலை. விரல் நுனியெல்லாம் ஊறிப்போய் எப்போதும் சுருக்கம் விழுந்தே இருக்கும். ஆனால் "என் கையத் தாண்டிப் போனது ஒழுகாது" என்று அவள் சொல்லும்போது அதில் ஒரு பெருமை இருக்கும், மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது.

மேனேஜருக்கு மட்டும் வந்தது. "அப்ப நானூறு பாட்டிலும் போற வழியில அழுதுச்சாம்மா?" என்றார்.

அவள் விடவில்லை. திரும்பி வந்த மூட்டையைப் பிரித்து ஐம்பது பாட்டிலைத் தொட்டியில் அமிழ்த்திப் பார்த்தாள். ஒன்றில்கூடக் குமிழி இல்லை. இதென்ன அதிசயம்! இங்கே ஒழுகாத பாட்டில் அங்கே போய் எப்படி ஒழுகும்? கோபத்தைவிட அவளுக்கு ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் தொட்டியைப் பார்க்கவில்லை, நோட்டைப் புரட்டினார்.

"ஒழுகவில்லைங்கிறத மூணு விதமா எழுதி வெச்சிருக்க. ஒரு இடத்துல ள, ஒரு இடத்துல ல, ஒரு இடத்துல ழ. எழுத்தையே ஒழுங்காப் பாக்காதவ குமிழியையா பாத்திருக்கப் போற?"

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள் அவள். எண் கணக்கில் தப்பு வராது, எழுத்தில்தான் தடுமாற்றம். சின்ன ர-வா பெரிய ற-வா என்று சந்தேகம் வந்தால் பெரியதையே போட்டுவிடுவாள். பெரியதைப் போட்டால் மரியாதை என்று ஒரு நினைப்பு. இதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

முதலாளி நல்லவர்தான். ஆனால் நல்லவர்களுக்கும் ஒரு எல்லை உண்டு. "புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியணும். தெரியலன்னா தொட்டிக்கு வேற ஆள் போட்டுடலாம்" என்று மேனேஜரிடம் சொன்னார். வேறு ஆள் என்றால் தொட்டியக்கா வீட்டுக்கு. இந்த வயதில் குமிழி பார்க்கத் தெரிந்தவளுக்கு வேறு எங்கே வேலை காத்திருக்கிறது?

அதே மூச்சில் முதலாளி இன்னொரு காரியமும் செய்தார். புதிதாக யோசிப்பது எப்படி என்று சொல்லித் தருகிற ஒருவரை மூன்று மதியங்களுக்கு வரவழைத்தார். வந்தவர் முப்பது வயதுகூட ஆகாத ஒல்லி மனிதர். ஒரு கையில் பிளாஸ்டிக் வாளி, மறு கையில் கலர் கலராகத் துண்டுச் சீட்டுகள். அவர் வந்து ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தொழிற்சாலை அவருக்கு யோசனை வாத்தியார் என்று பெயர் வைத்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் ஆட்களுக்குப் பயிற்சியே தேவையில்லை.

திங்கள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளை ஒதுக்கிவிட்டு எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். தொட்டியக்கா, மூடி அச்சைக் கவனிக்கும் மூடிக்காரர், பேக்கிங் அக்கா, இன்னும் ஐந்து பேர். மேனேஜர் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார், பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவர்போல.

"முதல் விதி," என்றார் வாத்தியார். "யாரு என்ன சொன்னாலும் ஒரு மணி நேரத்துக்கு நொட்டை சொல்லக் கூடாது. சொன்னா, சொன்னவங்க எழுந்து ஒரு புது யோசனை சொல்லணும்."

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்றார் மேனேஜர்.

"முதல் ஆள் நீங்கதான் சார். சொல்லுங்க."

மேனேஜருக்கு முகம் சுண்டிப்போனது. "எல்லாரும் ஒழுங்கா வேலை செய்யணும்" என்றார். அதையும் ஒரு யோசனை என்று மதித்து வாத்தியார் பலகையில் எழுதிக்கொண்டார்.

அடுத்துதான் அவர் தலைகீழ் வித்தையை எடுத்தார். "பாட்டில் ஒழுகாம இருக்க என்ன பண்ணலாம்னு இன்னிக்கு யோசிக்கவே வேண்டாம். ஒரு நல்ல பாட்டில் இருக்கு. அதை எப்படியாவது ஒழுக வைக்கணும். எப்படி?"

கெடுக்கச் சொன்னால் நம் ஆட்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? கூடமே கலகலத்தது. ஆணியால் குத்தலாம். வாஷரைக் கழற்றி வீசலாம். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி நெளிய வைக்கலாம். லாரியிலிருந்து உதைத்துத் தள்ளலாம். வாத்தியார் எழுதி எழுதிக் கை ஓய்ந்தபோது பேக்கிங் அக்கா சொன்னாள்:

"ஒண்ணும் வேண்டாம் சார். என் நாத்தனார் புருஷன்கிட்ட குடுத்தாப் போதும்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. "அவர் கைக்குப் போனா ஏன் ஒழுகும்?" என்று கேட்டார், உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்போல.

"அந்த அண்ணன் எதையும் முழுசா மூட மாட்டாரு சார். குழாய், கதவு, வாய், எதையுமே."

சிரிப்பு இன்னும் பெரிதானது. ஆனால் தொட்டியக்காவுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஒன்பது வருஷமாகப் பாட்டிலை மூடுவது அவளுடைய கை. இறுக்கி மூடுவதற்கென்றே பழகின கை. வாங்கினவர்கள் கையால் மூடிய பாட்டிலை அவள் ஒரு நாளும் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்ததே இல்லை!

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். "ஏங்க, இதைக் கொஞ்சம் மூடிக் குடுங்க."

"ஏன், உனக்குக் கை இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே புருஷன் மூடிக் கொடுத்தார். வாளித் தண்ணீரில் அமிழ்த்தினாள். குபுகுபுவென்று குமிழி.

மகளிடம் கொடுத்தாள். ஒன்பது வயது, புயல் வேகம். மூடியை ஒரு சுண்டு சுண்டி "மூடியாச்சு!" என்று கொடுத்துவிட்டு ஓடினாள். குமிழி. போனில் பேசிக்கொண்டிருந்த அவளுடைய நாத்தனார் காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கியபடி மூடினாள். குமிழி. மாமனார் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். அதில் குமிழி இல்லை, ஆனால் பிறகு அதைத் திறக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

"என்ன அண்ணி, ஆபீஸ் வேலையை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டீங்க?" என்றாள் நாத்தனார்.

"சும்மா இரு. திரும்பவும் மூடு. எங்க நிறுத்துறன்னு நான் பாக்கணும்."

நாத்தனார் மூட, தொட்டியக்கா மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். விஷயம் பிடிபட்டது. மூடி மொத்தம் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். ஒன்றேகால் சுற்றிலேயே வாஷர் லேசாக முட்டுகிறது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று கைக்குத் தோன்றுகிறது. பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் சொட்டுக்கூட ஒழுகாது. பையில் சாய்ந்து கிடந்தால்தான் வேலையைக் காட்டும். பழைய மூடி குட்டையாக இருந்தது, அரைகுறையாக மூடினால் கண்ணுக்கே தெரியும். இந்த வருஷம் அழகு என்று சொல்லி மூடியின் விளிம்பை நீளமாக்கியிருந்தார்கள். அது கழுத்தை மூடிக்கொண்டு உள்ளே நடப்பதை வெளியே சொல்லாமல் நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் நின்று வேலைக்கு வந்த இருபது பேரை மூடச் சொன்னாள். பதினொன்றில் குமிழி. ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். தலையாட்டினார். பிறகு சொன்னார்:

"நீங்க சொல்றது நியாயமாத்தான் இருக்கு. ஆனா வாங்கினவங்கள நாம திருத்த முடியாதும்மா. பாட்டிலத்தான் திருத்த முடியும். அதுக்கு வழி இருந்தா சொல்லுங்க."

"வழி இல்லன்னா சார்?"

"நானூறு பாட்டில் அரைகுறையா மூடப்படும்னு முன்னாடியே ஒருத்தர் கண்டுபிடிச்சிருக்கணும். அது தொட்டி வேலைதானே?" என்று இடையில் புகுந்தார் மேனேஜர். முதலாளி அதை மறுக்கவில்லை.

ஆக, காரணம் கிடைத்தும் கத்தி கழுத்திலேயேதான் இருந்தது.

செவ்வாய் மதியம் வாத்தியார் எல்லோரையும் பாட்டிலாக மாறச் சொன்னார். "நீங்கதான் பாட்டில். உங்களுக்கு என்ன தோணுது?" மூடிக்காரர் எழுந்து கண்ணை மூடிக்கொண்டு, "யாரோ என் தலையைத் திருகுறாங்க. பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க. எனக்கு மானமே போகுது" என்றார். நாடகம் பார்ப்பதுபோல ரசித்தார்கள். ஐம்பத்தெட்டு யோசனைகள் வந்தன. மரையைக் குட்டையாக்கி ஒரே சுற்றில் மூடும்படி செய்யலாம் என்றார் ஒருவர். அதற்கு அச்சையே மாற்ற வேண்டும், இரண்டு மாதம் பிடிக்கும். "நன்றாக மூடவும்" என்று எழுதி ஒட்டலாம் என்றார் இன்னொருவர். எழுதினதைப் படித்துவிட்டு மூடுகிற ஆள் யார்? மூடியில் மணி கட்டலாம் என்றாள் பேக்கிங் அக்கா. நொட்டை சொல்லக் கூடாது என்பதால் அதையும் எழுதினார்கள்.

கலையும்போது தொட்டியக்கா வாத்தியாரை நிறுத்தினாள். "சார், ஒண்ணு கேக்கணும். இந்த யோசனைங்கிறது எங்க இருந்து வருது?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு வாளியத் தூக்கிட்டு அலையறேன்?" என்று சிரித்தார் அவர். "வர்ற வழி எனக்கும் தெரியாதுங்க. வீட்டுக்குள்ள உக்காந்து இதோ வருது, அதோ வருதுன்னா வராது. சம்பந்தமில்லாத எதையாவது ஒண்ணைக் கொண்டுவந்து பக்கத்துல வெச்சா, சில நேரம் வரும். நாளைக்கு அதைத்தான் பண்ணப் போறோம்."

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அவள் தண்ணீர்க் குடம், எண்ணெய் ஜாடி, மகளின் பேனா என்று கண்ணில் பட்டதையெல்லாம் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "அம்மாவுக்கு மரை கழண்டுடுச்சு" என்றாள் மகள். புத்தி பேதலித்தவர்களை அப்படித்தானே சொல்கிறோம்.

புதன்கிழமை வந்தது. வாத்தியார் ஆளுக்கு ஒரு சீட்டைக் கொடுத்தார். தங்கள் வேலையில் தினமும் புழங்குகிற ஏதாவது ஒரு சொல்லை, பெயர் போடாமல், எழுதி வாளியில் போட வேண்டும். பிறகு கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். எது வந்தாலும் அதை ஒழுகலோடு முடிச்சுப் போட்டு யோசிக்க வேண்டும். மேனேஜரும் வேண்டாவெறுப்பாக ஒன்றை எழுதிப் போட்டுவிட்டு, போன் வந்தது என்று வெளியே போய்விட்டார்.

முதல் சீட்டு அட்டைப்பெட்டி. ஒன்றும் தேறவில்லை. இரண்டாவது துடைப்பம். சிரிப்புதான் மிச்சம். மூன்றாவது சீட்டைப் பிரித்த வாத்தியார் புருவத்தைத் தூக்கினார். "மறை" என்று உரக்கப் படித்தார். "நல்ல சொல்லு. சொல்லுங்க, என்ன பண்ணலாம்?"

"மரையில என்ன சார் பண்றது? மரை நல்லாத்தான் இருக்கு" என்றார் மூடிக்காரர்.

"எதை மறைக்கலாம்னு யோசிங்கண்ணே."

"மரைக்கலாமா? மரை போடலாமாங்கிறீங்களா? அதான் போட்டிருக்கே, ரெண்டு சுத்து."

"போடுறது இல்லண்ணே. மறை. தெரியாம வைக்கிறது."

"மரையத் தெரியாம வைக்கணுமா?" மூடிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "அது எப்பவும் மூடிக்குள்ளதானே சார் கிடக்கு! வெளியில தெரிஞ்சாத்தானே தப்பு!"

"தெரிஞ்சா என்ன தப்பு?"

"தெரிஞ்சா இன்னும் மூடலன்னு அர்த்தம்!"

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பேக்கிங் அக்கா எட்டிச் சீட்டை வாங்கிப் பார்த்தாள். "அட, ரெண்டு பேரும் ரெண்டு சொல்லைப் பேசிட்டு இருக்கீங்க! இதுல பெரிய ற போட்டிருக்கு."

"அதைத்தானே நான் சொல்றேன்," என்றார் வாத்தியார். "உங்க திருகு மரைக்குச் சின்ன ர. இது பெரிய ற. ஒளிச்சு வைக்கிறது." காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். கண்ணுக்குத்தான் வேறு.

தொட்டியக்காவுக்குக் காதோரம் சூடேறியது. அந்தச் சீட்டு அவளுடையது. திருகு மரையைத்தான் அவள் எழுதினாள். சந்தேகம் வந்தது, வழக்கம்போலப் பெரியதைப் போட்டாள். யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டுமே என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆனால் குனிந்த தலைக்குள் மூடிக்காரரின் வார்த்தை சும்மா இருக்கவில்லை. தெரிந்தால் மூடவில்லை. மறைந்தால் மூடியாயிற்று. இந்த மூடிதான் விளிம்பு நீளமானதாயிற்றே, மரை தெரியவே தெரியாதே. தெரிகிற மாதிரி வேறு ஒன்றை வைத்தால்? மரைக்குக் கீழே, விளிம்பு கடைசியாக வந்து உட்காருகிற இடத்தில்...

"சார்!" அவள் எழுந்தே விட்டாள். "கழுத்துல ஒரு சிவப்புக் கோடு போடணும். தீக்குச்சி அகலம் போதும். மூடி பாதியில நின்னா கோடு தெரியும். முழுசா இறங்கினாத்தான் அதை மறைக்கும். சிவப்பு தெரிஞ்சா இன்னும் திருகு, சிவப்பு மறைஞ்சா நிறுத்து. எழுத்தே வேண்டாம், எழுதப் படிக்கத் தெரியாத கொழந்தைகூட மூடும்!"

மூடிக்காரர் ஓடினார், எலெக்ட்ரீஷியனின் பெட்டியிலிருந்து சிவப்பு டேப்பை எடுத்துவர. மெல்லிசாக அறுத்து இருபது பாட்டிலின் கழுத்தில் ஒட்டினார்கள். சத்தத்தைக் கேட்டு முதலாளி வந்தார். போனை முடித்துக்கொண்டு மேனேஜரும் பின்னாலேயே வந்தார்.

பேக்கிங்கிலிருந்து இருபது பேரைக் கூப்பிட்டு, சிவப்பு தெரியக் கூடாது என்று மட்டும் சொல்லி மூடச் சொன்னார்கள். தொட்டியக்கா ஒவ்வொன்றாக அமிழ்த்தினாள், முதலாளி பக்கத்தில் நின்று வாய்விட்டுப் பத்து எண்ணினார். ஒன்று, இரண்டு என்று பதின்மூன்று பாட்டில் சுத்தம். பதினான்காவதில் ஒரு கடுகளவுக் குமிழி. வேறு யாருக்கும் அது தெரிந்தே இருக்காது. அவள் எடுத்துத் தனியே வைத்தாள். முதலாளி எண்ணுவதை நிறுத்தினார்.

"தப்பா நினைக்காதீங்கக்கா," என்றார் மூடிக்காரர், ஒரு சிரிப்போடு. "அதுல வாஷரை ஊசியால குத்தி வெச்சது நான்தான். உங்க கண்ணு எப்படின்னு முதலாளி ஒரு தடவை பாக்கட்டுமேன்னு."

மீதி ஆறும் சுத்தம். வாத்தியார் துள்ளாத குறை. அந்தச் சீட்டை உயர்த்திப் பிடித்தார். "எல்லாத்துக்கும் ஆரம்பம் இந்த ஒரு சொல்லு சார். ரெண்டு அர்த்தம் வர்ற மாதிரி யாரோ எழுதியிருக்காங்க. அதுலதான் பொறி தட்டுச்சு."

"யாரு எழுதினது?" என்றார் முதலாளி. "இப்படி யோசிக்கிற ஆளுதான் இனிமே எல்லாப் பொருளையும் பாக்கணும்."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "பெரிசா ஒண்ணும் இல்ல சார். சும்மா ஒரு சிலேடையா இருக்கட்டுமேன்னு நான்தான் எழுதிப் போட்டேன்." அத்தோடு விட்டாரா? "தொட்டிக்கு மட்டும் வேற ஆளப் போட்டுடலாம் சார். கண்ணு நல்லாத்தான் இருக்கு, நான் இல்லங்கல. ஆனா நோட்டு முழுக்கப் பிழை. நாளைக்கு யாராவது கேட்டா அந்த நோட்டைத்தானே நாம காட்டணும்?"

முதலாளி யோசிப்பதுபோல மோவாயைத் தடவினார். தொட்டியக்கா வாயைத் திறந்தால், ஆமாம், எனக்கு எழுத்துத் தெரியாது என்று இத்தனை பேர் முன்னால் தானே சாட்சி சொன்ன மாதிரி ஆகும். மேனேஜர் சொன்னதே நிரூபணமாகிவிடும். திறக்காவிட்டால் சொல்லும் அவருடையது, தொட்டியும் போகும். ஒன்பது வருஷம் பூட்டி வைத்த வெட்கம் முன்னால் வந்து நின்றது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. நல்லவேளை, கோபம் முந்திக்கொண்டது.

"அது சிலேடை இல்ல சார். அது பிழை. நான்தான் எழுதினேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"திருகு மரைன்னு எழுத நினைச்சேன். எனக்கு எந்த ர-ன்னு தெரியல. ரொம்ப நாளாவே தெரியாது. நோட்டை எடுத்துப் பாருங்க, எல்லாப் பக்கத்துலயும் அதே பிழைதான் இருக்கும்."

முதலாளி நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். பிரித்தார். மறை சரி. மறை சரி. மறை சரி. பக்கம் பக்கமாக அதே கை, அதே பெரிய ற. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மேனேஜரின் கையெழுத்து. முதலாளி சீட்டை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"மத்த பிழையெல்லாம் கண்டுபிடிச்சீங்களே," என்றார் மேனேஜரிடம், மெதுவாக. "இது எப்படிக் கண்ணுல படாமப் போச்சு?"

மேனேஜர் எட்டி நோட்டைப் பார்த்தார். முகத்தில் உண்மையான குழப்பம். "இதுல என்ன சார் பிழை? மரைக்குப் பெரிய ற-தானே?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் எதில் காலை வைத்தோம் என்று அவருக்கு உறைத்தது. பேக்கிங் அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப அந்தச் சிலேடை?" என்றார் முதலாளி.

மேனேஜர் கூரையைப் பார்த்தார். அங்கே சிலேடை எதுவும் எழுதியிருக்கவில்லை. வாத்தியார் வாளிக்குள் கைவிட்டு மிச்சச் சீட்டுகளைத் தேவையில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தார்.

முதலாளி நோட்டை மூடித் தொட்டியக்காவிடம் நீட்டினார். "எழுத்து தப்பாப் போனா பாட்டில் ஒழுகாதும்மா. படிக்காம கையெழுத்துப் போட்டாத்தான் ஒழுகும். தொட்டிய நீங்களே பாத்துக்கோங்க. இனிமே புதுசா எந்தப் பொருள் பண்ணாலும் முதல்ல உங்க கைக்கு வரட்டும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, நாலு பேர்கிட்டக் குடுத்துப் பாருங்க, வந்து என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"நான் சொல்றேன் சார். எழுதித்தான் தரணும்னா..."

"சொன்னாப் போதும்."

அவள் தலையை ஆட்டிவிட்டு நோட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். மூடிக்காரர் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

தொட்டியறையில் மதியத்துப் பாட்டில்கள் அடுக்கியபடியே காத்திருந்தன. அவள் கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டாள். அப்போதுதான் வந்தது அழுகை, அணை உடைந்த மாதிரி. வீட்டில் அழுதால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். இங்கே கேட்க ஆளில்லை, முகமெல்லாம் தண்ணீராக இருந்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியப் போவதில்லை. அழுதுகொண்டே ஒவ்வொன்றாக அமிழ்த்திப் பத்து பத்தாக எண்ணினாள்.

பன்னிரண்டு பாட்டில் முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண்ணீர் கண்ணை மறைத்ததில் குமிழி வந்ததா இல்லையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. பன்னிரண்டையும் இழுத்து வைத்து, முதலிலிருந்து மறுபடி அமிழ்த்தினாள்.